துணி எட்டாத இடங்கள்: பழைய கார் ஒன்றைச் சோதித்து வாங்கிய பதிவு

அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஆகிறது. முதல் நான்கு மாதம் வாடகைக் காரில்தான் போய்வந்தோம். ஒருநாள் சிகிச்சை முடிந்து வரும்போது வீரவநல்லூருக்குப் பக்கத்தில் வண்டி சூடேறி நின்றுவிட்டது. அம்மா பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்க, நான் வெயிலில் முக்கால் மணி நேரம் அடுத்த வண்டிக்காக நின்றேன். சொந்தமாக ஒரு கார் வாங்கிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கையில் 4 லட்சம் இருந்தது. புது வண்டி அந்தப் பணத்துக்கு வராது. பழையதுதான் வாங்க முடியும். ஆனால் காலை 5 மணிக்குச் சாவியைத் திருப்பினால் ஒவ்வொரு முறையும் கிளம்புகிற பழைய வண்டியாக இருக்க வேண்டும்.

2025 ஜனவரியிலிருந்து மார்ச் வரை மூன்று வண்டிகளை முறையாகச் சோதித்தோம். சோதித்தோம் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம், கல்லிடைக்குறிச்சியில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் மூன்றுக்கும் கூட வந்தார். அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டு ஸ்கூட்டர் முதல் டிராக்டர் வரை அவர் கைதான். முதல் வண்டியைப் பார்க்கப் போகும் வழியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“விக்கிறவங்க கண்ணுக்குப் படுறதயெல்லாம் தொடச்சித்தான் வச்சிருப்பாங்க தம்பி. அதுல ஒண்ணும் தப்பில்ல, நாமளும் அப்படித்தான் செய்வோம். தொடைக்கிற துணி போகாத எடம்னு சிலது உண்டு. நாம அங்கதான் பாக்கணும்.”

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் மூன்று வண்டியையும் பார்த்தேன். கையில் எடுத்துப் போன சாமான்கள்: நல்ல வெளிச்சமுள்ள டார்ச், ஃபிரிட்ஜில் ஒட்டுகிற மெல்லிய காந்தம் ஒன்று, பழைய வெள்ளை வேட்டித் துணி, மல்டிமீட்டர், 800 ரூபாய்க்கு வாங்கிய ப்ளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் இதைச் செருகினால் எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனிலேயே படிக்கலாம்.

முதல் வண்டி: விலைதான் முதல் அறிகுறி

2018 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல். தூத்துக்குடிப் பதிவு, டி.என்.69. சொன்ன விலை 3,90,000. அதே வருட வண்டிகளுக்கு நான் கேட்டிருந்த விலையை விட ஒரு லட்சம் குறைவு. பார்த்த உடனே பிடித்துப்போகிற மாதிரி இருந்தது. புது சீட் கவர், புது மேட், உள்ளே எலுமிச்சை வாசனை. ஸ்டார்ட் செய்தால் சத்தமே இல்லை. எனக்கு மனசு அங்கேயே பாதி சாய்ந்துவிட்டது.

அண்ணாச்சி எஞ்சின் பக்கமே போகவில்லை. டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, கீழே டார்ச் அடித்தார். சீட் நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகள் செம்பழுப்பாகத் துருப்பிடித்திருந்தன. கூரைக்குக் கீழே, மூடிய கதவுக்குள் இருக்கும் போல்ட் ஏழு வருடத்தில் அப்படித் துருப்பிடிக்காது. அடுத்து முன்சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுக்கச் சொன்னார். பாதிக்கு மேல் யாரும் பெல்ட்டை இழுப்பதில்லை. கழுவும்போதும் வெளியே தொங்குகிற பகுதியை மட்டும் கழுவுவார்கள். கடைசி ஒரு முழத்தில் பழுப்பு நிறக் கறை ஒன்று குறுக்குக் கோடாக இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் வேறு நிறம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை மீறி ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் வெள்ளக்காடாகக் கிடந்தது. அந்தத் தண்ணீரில் நின்ற கார்களில் பல துடைத்து, காயவைத்து, மறுபடி விற்பனைக்கு வரும் என்பதை நான் யோசித்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகு தேடியது எல்லாமே கிடைத்தது. டிரைவர் இடது காலை வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டின் ஓரத்தை நெம்பிப் பார்த்தால், அடியில் உள்ள பஞ்சு மெத்தையில் நைஸான வண்டல் மண் காய்ந்து மாவாக உதிர்ந்தது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் குழியின் மூலையில் அதே மண். முன்விளக்கின் உள்பக்கம் மெல்லிய படலம். அண்ணாச்சி டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். பின்கள் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது.

“இப்ப ஓடும். நல்லாவே ஓடும். இந்தப் பச்சை இருக்கே, அது நிக்காது. ஒரு வருசம் கழிச்சி இன்னைக்கி பவர் விண்டோ, நாளைக்கி ஃபியூவல் பம்ப்புனு ஒவ்வொண்ணா போகும். எந்த ஒயர்னு கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகும். ஏர்பேக் கண்ட்ரோல் பெட்டி நடுவுல தரையோட தரையா இருக்கு பாருங்க. தண்ணி குடிச்ச பெட்டி அடிபடுற நேரத்துல வேலை செய்யுமானு யாரு சொல்ல முடியும்? வேண்டாம், விட்ருங்க.”

கிளம்பும்போது ஒரு சந்தேகத்துக்காக இன்சூரன்ஸ் பேப்பரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 2024 மார்ச்சில் புதுப்பித்த பாலிசி. அதில் நோ கிளெய்ம் போனஸ் 0 சதவீதம். இது எனக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய பாடம், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வண்டிச் சேதத்துக்குப் பணம் கேட்காமல் போகும் ஒவ்வொரு வருடத்துக்கும் இந்தத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ஐந்து வருடம் கேட்காமல் இருந்தால் 50. ஒரு முறை கேட்டாலும் அடுத்த புதுப்பிப்பில் 0-வுக்கு இறங்கிவிடும். ஆக, ஆறு வருட வண்டியின் பாலிசியில் 0 என்று இருந்தால், அதற்கு முந்தைய வருடத்தில் பெரும்பாலும் ஏதோ நடந்திருக்கிறது. 2023 டிசம்பரையும் 2024 மார்ச்சையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் போதும். விற்க வந்தவர் வெள்ளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இரண்டாவது வண்டி: 46,000 கிலோமீட்டர்

இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். 2015 வேகன்-ஆர், பாளையங்கோட்டையில். மீட்டரில் 46,000. காலையில் வருகிறோம், நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்தேன். 7 மணிக்குப் போய் பானெட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. “சும்மா ஒரு ரவுண்டு கழுவக் கொண்டுபோனேன்” என்றார் விற்பவர். இருக்கலாம். ஆனால் குளிர்ந்த எஞ்சின் சொல்கிற உண்மையைச் சூடான எஞ்சின் சொல்லாது. செயின் சத்தம், ஆயில் புகை, ஸ்டார்ட் ஆக எடுக்கும் நேரம் எல்லாம் முதல் ஒரு நிமிடத்தில்தான் தெரியும்.

கிளட்ச் பெடல் ரப்பரில் வரிகளே இல்லை, மழுமழுவென்று இருந்தது. ஸ்டியரிங்கின் மேல்பாதி எண்ணெய் தடவியது போல மின்னியது. 46,000-க்கு இது அதிகம் என்று தோன்றினாலும், தோன்றுவதை வைத்து யாரையும் குறை சொல்ல முடியாதல்லவா. ஸ்கேனரைச் செருகினேன். பிழைக் குறியீடு எதுவும் இல்லை. ஆனால் ‘ரெடினஸ்’ என்ற பக்கத்தில் ஆக்ஸிஜன் சென்சார், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சோதனைகள் முடியவில்லை என்று காட்டியது. எஞ்சின் கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பட்டியல் அது. குறியீடுகளை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ அந்தப் பட்டியல் வெறுமையாகி, சில நாள் ஓடிய பிறகுதான் மறுபடி நிரம்பும். எஞ்சின் லைட் எரியவில்லை என்பதைவிட இந்தப் பக்கம் நிரம்பியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முடிவாகச் சொன்னது ஒரு ஸ்டிக்கர். ஏர் ஃபில்டர் பெட்டியின் பின்பக்கம், கை மட்டும் போகிற சந்தில், ஏதோ ஒரு பட்டறையில் ஆயில் மாற்றியபோது ஒட்டிய சின்னத் தாள். ‘அடுத்த ஆயில்: 98,000’ என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தது. அதை நான் விற்பவரிடம் காட்டவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

மூன்றாவது வண்டி

சேரன்மகாதேவியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் 2016 ஸ்விஃப்ட், வி.எக்ஸ்.ஐ. 1197 சி.சி. பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர். மீட்டரில் 92,400. சொன்ன விலை 4,05,000. பார்க்க முதல் இரண்டு வண்டியைவிட மோசமாக இருந்தது. இடது பக்கப் பின்கதவில் நிறம் லேசாக மாறித் தெரிந்தது, முன் பம்பரில் கீறல், டயர்கள் பழையவை. ஆனால் சார் ஒரு பச்சை நிற ஃபைலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்பது வருட சர்வீஸ் பில்கள், தேதி வரிசையில், ஒவ்வொன்றிலும் கிலோமீட்டருடன். 9,800, 19,600, 30,100 என்று படி ஏறுவது போல ஏறி வந்திருந்தது. ஒரு பில்லில்கூட எண் பின்னால் போகவில்லை.

பில்லை நம்பி வண்டியைப் பார்க்காமல் விடக் கூடாது என்று அண்ணாச்சி சொன்னதால் முழுதாகவே பார்த்தோம். அன்று இரண்டரை மணி நேரம் ஆனது. சார் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. இரண்டு தடவை காபி கொடுத்தார்.

வெளியிலிருந்து ஆரம்பித்தோம். காந்தத்தைத் துணியில் சுற்றி ஒவ்வொரு பாகத்திலும் வைத்துப் பார்த்தால், தகரம் மட்டும் உள்ள இடத்தில் பிடித்து நிற்கும், பட்டி போட்டு நிரப்பிய இடத்தில் வழுக்கி விழும். இடது பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கியது. “ஆட்டோ உரசிட்டுப் போயிட்டான், உள்ளூர்ல டிங்கரிங் பண்ணி பெயிண்ட் அடிச்சேன், இன்சூரன்ஸ் கேக்கல” என்று சார் தானாகவே சொன்னார். பாலிசியில் போனஸ் 50 சதவீதம் இருந்ததுக்கும் இதுக்கும் பொருந்தியது. அதேநேரம் 50 சதவீதம் இருந்தால் அடியே படவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் இதிலிருந்து தெரிந்தது. கையிலிருந்து செலவு செய்த அடி எந்தப் பேப்பரிலும் ஏறாது.

கதவில் அடிபட்டால் பரவாயில்லை. கதவு மாட்டியிருக்கும் தூண் வளைந்திருந்தால்தான் பிரச்சினை. கதவைத் திறந்து, ஓரத்தில் செருகியிருக்கும் ரப்பர் பீடிங்கை ஒரு சாண் உருவினோம். அடியில் கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில் வட்ட வட்டமாகத் தெரிய வேண்டும். தெரிந்தன. பட்டறையில் வெட்டி ஒட்டிய தூணில் அந்த வட்டங்கள் இருக்காது, அல்லது பட்டியால் மூடிப்போயிருக்கும். பானெட்டைத் தூக்கி, ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் கீல் போல்ட்டுகளையும் பார்த்தோம். ஸ்பேனர் போட்ட போல்ட்டின் மூலையில் பெயிண்ட் உதிர்ந்திருக்கும். இதில் எதுவும் தொடப்படவில்லை. முன் சக்கரங்களுக்கு உள்பக்கச் சுவரான ஆப்ரான் இரண்டு பக்கமும் நேராக, ஒரே மாதிரி இருந்தது. கண்ணாடிகளில் உள்ள கம்பெனி முத்திரை எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்ததால் எந்தக் கண்ணாடியும் மாற்றப்படவில்லை என்று எடுத்துக்கொண்டோம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். முன் டயர்களில் 2219, அதாவது 2019-இன் 22-வது வாரம். ஸ்டெப்னியில் 1416. வண்டியோடு வந்த ஸ்டெப்னி இன்னும் மாற்றப்படவில்லை. 92,000-க்கு இரண்டாவது செட் டயர் என்பது கணக்குக்குச் சரியாக வந்தது. டயரை எப்படியும் மாற்ற வேண்டும், அதைப் பேரத்துக்குக் குறித்து வைத்துக்கொண்டேன்.

முதல் வண்டியின் அனுபவத்துக்குப் பிறகு சீட் தண்டவாளம், பெல்ட்டின் கடைசி முழம், ஸ்டெப்னிக் குழி மூன்றையும் பார்க்காமல் எந்த வண்டியையும் நான் விடமாட்டேன். மூன்றும் காய்ந்து சுத்தமாக இருந்தன. ஸ்டெப்னிக் குழியில் பழைய ஆரஞ்சு மிட்டாய்த் தாள் ஒன்று கிடந்தது. பேரப்பிள்ளை போட்டது என்றார் சார்.

அப்புறம் எஞ்சின். பானெட் சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே மூன்று விஷயம் பார்த்தோம். டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருந்தது, அது பரவாயில்லை. அளவு கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் போல வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் ஆயிலில் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வெள்ளைத் துணியால் கழுத்தின் உள்பக்கம் துடைத்தோம். லேசான துருக் கறை மட்டும் வந்தது, எண்ணெய்ப் பசை இல்லை. இந்த மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மல்டிமீட்டரில் பேட்டரி 12.3 வோல்ட். ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 9.2-க்கு இறங்கியது. 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஓடும்போது 14.1 காட்டியதால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. பேட்டரியும் பேரப் பட்டியலில் ஏறியது.

ஸ்டார்ட் ஆன முதல் சில விநாடி நான் சைலன்சர் பக்கமும் அண்ணாச்சி எஞ்சின் பக்கமும் நின்றோம். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். பெல்ட் போல கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஆயிலைச் சரியாக மாற்றாமல் ஓட்டிய வண்டியில் செயின் தொய்ந்து, குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது கடகடவென்று சத்தம் கேட்கும். ஒரு விநாடிகூடக் கேட்கவில்லை. சைலன்சரிலிருந்து கொஞ்சம் நீராவி, பிறகு ஒன்றும் இல்லை. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியான வெண்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது.

ஸ்கேனரில் ரெடினஸ் பட்டியல் முழுவதும் நிரம்பியிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியவில்லை. எரிபொருள் திருத்தம், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்வது, நீண்டகாலக் கணக்கில் கூட்டல் 4 சதவீதம். பத்துக்குள் இருந்தால் காற்றுக் கசிவோ இன்ஜெக்டர் அடைப்போ பெரிதாக இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஏ.சி.யைப் போட்டு 20 நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டோம். கூலன்ட் வெப்பம் 97 வரை ஏறி, ரேடியேட்டர் விசிறி ஓடி, 91-க்கு இறங்கி, மறுபடி ஏறியது. நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீரவநல்லூரில் நின்ற வாடகை வண்டி கண்ணுக்குள் இருந்தது.

ஓட்டிப் பார்க்க இரண்டு வழி. முதலில் ஊருக்குள் குண்டும் குழியுமான தெரு, ஜன்னலை இறக்கி, ரேடியோவை அணைத்துவிட்டு. ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன் இடது பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம். அண்ணாச்சி பிறகு அடியில் படுத்துப் பார்த்து, லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையில் உள்ள ரப்பர்) கிழிந்திருக்கிறது என்றார். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வட்டமடித்தோம். ஆக்ஸில் ஜாயிண்ட் போயிருந்தால் டிக் டிக் என்று கேட்கும், இதில் இல்லை. கைபிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்ச்சை மெதுவாக விட்டேன். வண்டி உடனே அணைந்தது. அணையாமல் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது என்று அர்த்தம். இரண்டாவதாக நான்குவழிச் சாலை. 90-இல் ஸ்டியரிங் நடுங்கவில்லை. பின்னால் வண்டி இல்லாத இடத்தில் பிரேக்கை நன்றாக அழுத்தியபோது ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நின்றது.

திரும்பி வந்து நியூட்ரலில் நிற்கும்போது, கிளட்ச் பெடலை மிதித்தால் மெல்லியதாக ‘சர்ர்’ என்று ஒரு சத்தம், விட்டால் நின்றுவிடும். மிதிக்கும்போது வரும் சத்தம், கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கின் சத்தம். “இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. ஆறு மாசமும் ஓடும், ஒரு வருசமும் ஓடும்” என்றார் அண்ணாச்சி. அதை நான் பட்டியலில் எழுதினேன், ஆனால் கடைசி வரியாக எழுதினேன்.

சார் சம்மதித்ததால் வண்டியைக் கல்லிடைக்குறிச்சிப் பட்டறைக்குக் கொண்டுபோய் நான்கு பிளக்கையும் கழற்றி கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்று எவ்வளவு அழுத்தத்துக்கு அமுங்குகிறது என்று பார்த்தோம். 185, 180, 185, 178 பி.எஸ்.ஐ. எண் எவ்வளவு பெரிது என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். 15-க்கு மேல் வித்தியாசம் வந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். கழற்றிய பிளக்குகள் நான்கும் ஒரே மாதிரி இளம்பழுப்பு நிறத்தில் இருந்தன. எதிலும் எண்ணெய் ஈரம் இல்லை. பழைய கார் வாங்குகிறவர்கள் செலவு செய்யத் தயங்கும் இடம் இதுதான். எனக்கு ஆன கூலி 500 ரூபாய். மூன்று லட்சத்துக்கு மேல் கொடுக்கிற பொருளுக்கு இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. இந்தச் சோதனைக்கு மறுப்பவரிடம் நான் வாங்கமாட்டேன்.

பேப்பரில் ஒரு சிக்கல் வந்தது. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தபோது முதல் உரிமையாளர், 2031 வரை பதிவு, அபராதம் எதுவும் பாக்கி இல்லை என்றெல்லாம் சரியாக வந்தது. ஆனால் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் அப்படியே இருந்தது. சார் 2019-லேயே கடனை அடைத்துவிட்டார். வங்கி கொடுத்த தடையில்லாச் சான்றையும் பத்திரமாக வைத்திருந்தார். ஆர்.சி.யில் நீக்க மட்டும் மறந்துவிட்டார். பழைய சான்று செல்லாது, புதிதாக வாங்கி வாருங்கள் என்றார்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில். அதற்கு 16 நாள் ஆனது. அதுவரை 5,000 ரூபாய் முன்பணத்தோடு நிறுத்திக்கொண்டேன். கடன் நீக்க 35-ம் எண் படிவம், பெயர் மாற்ற 29, 30. சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு நானே நேரில் ஒப்பிட்டேன். இந்த வேலையை அடுத்தவரிடம் விடாதீர்கள்.

பேரமும் பிறகும்

பட்டியலைச் சாரிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவைச் சொன்னேன். நான்கு டயர் 18,400. பேட்டரி 4,500. இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம், வீல் அலைன்மெண்ட் சேர்த்து 4,600. ஆயில், ஃபில்டர்கள், பிளக், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் 6,200. மொத்தம் 33,700. அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, “நியாயமாத்தான் இருக்கு. அம்மாவுக்காகன்னு வேற சொல்லுதீங்க” என்று 3,62,000-க்குச் சம்மதித்தார்.

அந்த வேலைகள் எல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்தன. பழைய கூலன்ட்டை இறக்கும்போது துரு கலந்து கலங்கலாக வந்தது. இரண்டு தடவை தண்ணீர் விட்டு அலசிய பிறகே புதியதை ஊற்றினோம். லோயர் ஆர்ம் மாற்றியதும் ஸ்பீடு பிரேக்கர் சத்தம் அடியோடு போனது. இன்சூரன்ஸ் மாற்றும்போது ஒன்று தெரிந்துகொண்டேன். 50 சதவீத போனஸ் வண்டியோடு வராது, அது விற்றவருக்கே சொந்தம். மீதிக் காலத்துக்கான வித்தியாசத்தை வாங்குபவர் கட்ட வேண்டும். வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

ரிலீஸ் பேரிங்கை மட்டும் நான் மாற்றவில்லை. கியர்பாக்ஸை இறக்க வேண்டும், ஒரு நாள் முழுக்க வேலை, சத்தமும் அவ்வளவு இல்லையே என்று விட்டேன். ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, சிகிச்சை முடிந்து வரும்போது சேரன்மகாதேவி தாண்டியதும் பெடல் இறுகியது, கியர் விழும்போது கரகரத்தது. இரண்டாவது கியரிலேயே நிற்காமல் மெதுவாக ஓட்டி வீடு சேர்ந்தேன். அம்மா பின்னாலிருந்து, “என்னடா சத்தம்?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொன்னேன். எனக்குக் கை நடுங்கியது.

மறுநாள் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால் பேரிங்கின் கிரீஸ் முழுதாகக் காய்ந்து, கையில் சுற்றினால் மணல் அரைபடுவது போல இருந்தது. அதன் விளிம்பு பிரஷர் பிளேட்டின் விரல்களையும் தேய்த்திருந்தது. பேரிங் மட்டும் போதாமல் பிளேட், பிரஷர் பிளேட் மூன்றையும் செட்டாக மாற்றினோம், 8,900 ரூபாய். இறக்கிய கையோடு கியர் ஆயிலும் புதிது. மார்ச்சிலேயே செய்திருந்தால் அந்த மாலை அம்மாவை வைத்துக்கொண்டு அப்படி ஓட்டியிருக்க வேண்டாம். இப்போது யார் என்னிடம் பழைய வண்டி பற்றிக் கேட்டாலும், பட்டியலில் கடைசி வரியாக எழுதியதை முதலில் மாற்றச் சொல்கிறேன்.

நேற்று மீட்டர் 1,01,150. கிளட்ச் இப்போது வெண்ணெய் மாதிரி இருக்கிறது. ஆயில் அளவு இரண்டு மாற்றத்துக்கு நடுவில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையவில்லை. ரேடியேட்டர் மேல் ஹோஸின் கிளிப் பக்கத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு காய்ந்த தடம் தெரிகிறது. டார்ச் அடித்து, விரலால் தடவிப் பார்த்தேன். ஈரம் இல்லை. இருந்தாலும் புது ஹோஸும் கிளிப்பும் வாங்கி வைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி பட்டறையில் மாற்றுகிறோம்.